ஏற்றுமதிக்கு எட்டு வாசல். உழைப்பாளிக்கு எந்த வாசல்?

(கோச்சடையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஏற்றுமதி. "ஏற்றுமதி என்பது முதலாளி பாடு, துறைமுகத்தின் பாடு, அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். இரவு ஷிப்டு முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்திருக்கும் தோழருக்கும், துவரிமான் பக்கம் நாற்று நட்ட இடுப்பு வலியோடு வந்திருக்கும் தாய்மாருக்கும் அந்தக் கேள்வி எழுவது நியாயமே.

ஆனால் நம்மைச் சுற்றிப் பாருங்கள். இந்தக் கோச்சடையிலேயே யந்திரங்களுக்கு பெல்ட் செய்கிற பென்னர் ஆலை இருக்கிறது. வைகைக்கு இந்தப் பக்கம் ஹார்வி துரைமார் தொடங்கிய பஞ்சாலை 1974-ல் மதுரா கோட்ஸ் ஆயிற்று. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் சின்னச் சின்னப் பட்டறைகள். திருமங்கலம், பேரையூர் கரிசலில் பருத்தி. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் வந்து சேரும் மல்லிகை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மதுரை மல்லி விமானம் ஏறிப் போகிறது. நூலோ, துணியோ, ரப்பரோ, பூவோ, கடல் தாண்டிப் போகிற ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பகுதி நம் உழைப்பு. அந்தச் சரக்கு நின்றால் முதலில் நிற்பது நம் கூலி. ஆகவே இது நம் விஷயம்தான்.

25,060 கோடி ரூபாய்

2025 நவம்பர் 12-ந் தேதி மத்திய மந்திரி சபை ஒரு தீர்மானம் செய்தது. ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கம் என்ற பெயரில், 2025-26 முதல் 2030-31 வரை ஆறு ஆண்டுகளுக்கு 25,060 கோடி ரூபாய் செலவிடப்படும் என்பது அத்தீர்மானம். ஆண்டுக்குச் சராசரி 4,000 கோடிக்கு மேல். அதே நாளில், ஏற்றுமதியாளர்களுக்கு ஈடில்லாமல் 20,000 கோடி ரூபாய் வரை கூடுதல் கடன் கிடைக்க சர்க்கார் உத்தரவாதம் தருவதற்கும் ஒப்புதல் அளித்தது.

இத்திட்டத்தின் நோக்கம் என்ன? பல இலாகாக்களில் சிதறிக் கிடக்கும் உதவிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது. வர்த்தக இலாகா, நிதி இலாகா, சிறு தொழில் இலாகா, ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சில்கள், வங்கிகள், மாநில சர்க்கார்கள் எல்லாம் கைகோத்து வேலை செய்வது. இதில் இரண்டு பிரிவு. ஒன்று பணவகை: குறைந்த வட்டி, கடன் உத்தரவாதம் முதலானவை. மற்றொன்று பணமல்லாத வகை: தரப் பரிசோதனை, சான்றிதழ், வெளிநாட்டுச் சந்தையில் அறிமுகம், கிடங்கு, உள்நாட்டிலிருந்து துறைமுகம் வரை சரக்கு அனுப்பும் செலவு முதலானவை. ஜவுளி, தோல், நகை, பொறியியல் சாமான், கடல் உணவு ஆகிய தொழில்களுக்கு முன்னுரிமை என்று சொல்லப்பட்டிருக்கிறது.

இந்தப் பணம் யார் பணம்? தீப்பெட்டி முதல் சோப்பு வரை நாம் வாங்கும் சாமானுக்குக் கட்டும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

ஏற்றுமதி வேண்டாமா?

வேண்டும். இதில் குழப்பம் வேண்டாம். நம் நாடு கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் உரம் முழுவதும் வெளியிலிருந்து வருகிறது. இதற்கெல்லாம் அந்நியச் செலாவணி வேண்டும். அது வானத்திலிருந்து விழாது. சரக்கு விற்றுத்தான் வர வேண்டும்.

அந்நியச் செலாவணி தட்டுப்பட்டால் என்ன நடக்கும் என்பதை நாடு அனுபவித்திருக்கிறது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில், 1957 வாக்கில், கையிருப்பு கரைந்தது. 1966 ஜூன் 6-ந் தேதி ரூபாயின் மதிப்பே குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. வெளியிலிருந்து வாங்கிய பண்டமெல்லாம் விலை ஏறியது. அந்தச் சுமையைத் தாங்கியது சம்பளக்காரனும் கூலிக்காரனும்தான்.

ஆகவே ஏற்றுமதி வளர்வதை நாம் எதிர்க்கவில்லை. அது எப்படி வளர வேண்டும், யார் வயிற்றைக் காயப்போட்டு வளரக் கூடாது என்பதே கேள்வி.

எட்டு வாசல்

ஏற்றுமதிக்கு உதவி செய்யும் ஸ்தாபனங்கள் இன்று நேற்று பிறந்தவை அல்ல. பருத்தி ஜவுளி ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சில் 1954-ல் ஏற்பட்டது. சர்க்கார் வர்த்தகக் கார்ப்பரேஷன் 1956-ல். வெளிநாட்டில் பணம் வராமல் போனால் ஈடு செய்யும் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் 1957-ல். ஏற்றுமதிச் சரக்கின் தரத்தைச் சோதிக்கும் சட்டம் 1963-ல். ஆயத்த ஆடைக்குத் தனிக் கவுன்சில் 1978-ல். ஏற்றுமதி இறக்குமதி வங்கி 1982-ல். ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகத் தோன்றியது. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டிடம், தனித்தனி பைல்.

கப்பலூரில் பத்துப் பேரை வைத்து ரப்பர் வாஷர் செய்கிற ஒரு பட்டறைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாசல், ஏற்றுமதி இறக்குமதி எண் வாங்கும் வெளிநாட்டு வர்த்தக அலுவலகம். இரண்டாவது, கவுன்சிலில் பதிவு. மூன்றாவது, வங்கியில் கடன். நான்காவது, இன்ஷூரன்ஸ். ஐந்தாவது, தரப் பரிசோதனைச் சாலை. ஆறாவது, தூத்துக்குடிக்குச் சரக்குப் போகப் பெட்டியும் லாரியும் கப்பலில் இடமும். ஏழாவது, சுங்கம். எட்டாவது, கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது.

எட்டாவது வாசலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சரக்கை ஏற்றுமதி செய்யலாம், வரியை ஏற்றுமதி செய்யக் கூடாது என்பது வியாபார நியாயம். லாரி டீசலிலும் மின்சாரத்திலும் ஒளிந்திருக்கும் வரிகள் சரக்கு விலையில் ஏறிவிடுகின்றன. அவற்றைக் கணக்கிட்டுத் திருப்பித் தருவதற்கு 2019-ல் ஆயத்த ஆடைக்கும், 2021-ல் மற்றச் சரக்குகளுக்கும் திட்டங்கள் வந்தன.

பெரிய கம்பெனிக்கு இந்த எட்டு வாசலுக்கும் எட்டு அதிகாரிகள் இருப்பார்கள். பட்டறைக்காரருக்கு அவரே அதிகாரி, அவரே குமாஸ்தா. சரக்கு அனுப்பினால் பணம் வர மூன்று மாதம் ஆகும். தொழிலாளிக்குக் கூலி சனிக்கிழமை கொடுக்க வேண்டும். இடையில் உள்ள நாட்களுக்கு வட்டி ஓடுகிறது. அந்த வட்டியில் சலுகை தரும் திட்டம் 2015 முதல் இருந்து 2024 டிசம்பர் 31-ல் முடிந்துபோயிற்று. அடுத்த ஏற்பாட்டுக்கு மந்திரி சபை ஒப்புதல் தந்தது 2025 நவம்பரில். இந்த இடைவெளியில்தான், 2025 ஆகஸ்டில், அமெரிக்கா நம் சரக்குகள் மீது முதலில் 25 சதவிகிதம், பிறகு மேலும் 25 சதவிகிதம் என்று வரி போட்டது. குடை பழுதுபார்க்கப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

ஆகவே, எட்டு வாசலையும் ஒரு வாசலாக்குவது நல்ல காரியமே. சின்னப் பட்டறை பிழைத்தால் அதில் உள்ள பத்துப் பேர் பிழைப்பார்கள்.

ஒருங்கிணைப்பு இல்லாவிட்டால் அடி யாருக்கு?

பருத்தியின் கதையைக் கேளுங்கள். ஒரே செடியில் விளைந்த பஞ்சுதான். ஆனால் அதை விளைவிப்பவர் ஒருவர், நூற்பவர் ஒருவர், பின்னித் தைப்பவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரி.

2012 மார்ச் 5-ந் தேதி பஞ்சு ஏற்றுமதிக்கு சர்க்கார் தடை போட்டது. தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்று விவசாய மந்திரி சரத் பவாரே சொன்னார். விவசாயிகள் கொதித்தார்கள். ஒரு வாரத்திற்குள் தடை தளர்த்தப்பட்டது. 2022-ல் எதிர்ப்பக்கம். பஞ்சு விலையும் நூல் விலையும் விஷம்போல் ஏறின. மே 16, 17 தேதிகளில் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் கதவடைத்தன. கம்பெனி அடைத்தது இரண்டு நாள். கூலி இழந்தவன் அந்த இரண்டு நாளை யாரிடம் கேட்பான்? பிறகு 2025 ஆகஸ்டு 19-ல், இறக்குமதிப் பஞ்சின் மீதிருந்த 11 சதவிகித வரி நீக்கப்பட்டு, டிசம்பர் 31 வரை சலுகை நீடிக்கப்பட்டது. ஆலைக்கு நிம்மதி. ஆனால் அந்த மாதங்களில் மார்க்கெட்டுக்கு வந்த நம் நாட்டுப் பருத்தி வெளிநாட்டுப் பஞ்சு விலையோடு மோத வேண்டியிருந்தது. பருத்தி விவசாயிக்கு விலை விழுந்தால், பருத்தி எடுக்கிற பெண்ணின் கூலியும் கூடவே விழும்.

பார்த்தீர்களா? பஞ்சாலைத் தொழிலாளியையும் பருத்தி எடுக்கும் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்துவது இந்தச் சிதறிய நிர்வாகம்தான். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகக் கூட இருப்பார்கள். அண்ணன் ஆலையில், தங்கை காட்டில்.

இன்னொரு உதாரணம் நொய்யல் ஆறு. திருப்பூரின் ஏற்றுமதி ஏற ஏற, சாயக் கழிவு ஆற்றில் இறங்கியது. ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாய நீர் நின்றது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவை முற்றிலும் வெளியேற்றாத ஏற்பாடு செய்யாத சாயப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. சாயத் தொழிலாளிகள் ஊர் திரும்பினார்கள். விவசாயியின் நிலம் முன்பே போயிருந்தது, தொழிலாளியின் வேலை பின்னால் போயிற்று. கழிவு நீரைச் சுத்தம் செய்யும் பொது நிலையங்களை ஏற்றுமதிக்கு முன்பே சரியாகக் கட்டியிருந்தால் இரண்டும் போயிருக்காது. அதுவும் ஏற்றுமதி உதவிதான். ஆனால் அந்த உதவியை மட்டும் யாரும் நேரத்தில் கேட்கவில்லை.

வெளிநாடுகள் சொல்லும் பாடம்

ஏற்றுமதி உதவிகளை ஒருங்கிணைப்பதில் தென் கொரியாவைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே 1962-ல் அதற்கெனத் தனி ஸ்தாபனம் அமைத்தார்கள். 1960களின் நடுவிலிருந்து ஜனாதிபதியே மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டத்திற்குத் தலைமை வகித்தார். 1964-ல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977-ல் 1,000 கோடி டாலர் ஆயிற்று. நூறு மடங்கு!

ஆனால் அந்தக் கூட்டத்தில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. 1970 நவம்பர் 13-ந் தேதி சியோல் நகரத்துத் துணி மார்க்கெட்டில், சுன் டே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, இருக்கிற தொழிலாளர் சட்டத்தையாவது அமல் செய்யுங்கள் என்று கோரித் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டு மாண்டார். புதிய சட்டம் எதையும் அவர் கேட்கவில்லை. ஏட்டில் இருந்த சட்டத்தைத்தான் கேட்டார். ஏற்றுமதிக் கணக்கை மாதம் தவறாமல் பார்த்த நாட்டில், அந்தச் சட்டத்தைப் பார்க்க ஆளில்லை.

வங்காள தேசத்தில் 2013 ஏப்ரல் 24-ந் தேதி ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். முதல் நாள் விரிசல் கண்டும், மறுநாள் வேலைக்கு ஏறச் சொன்னார்கள். ஆர்டரின் தேதி கட்டிடத்தின் விரிசலை விடப் பெரிதாகப் போயிற்று. அதன் பிறகுதான் வெளிநாட்டு வியாபாரிகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படிக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

நம் பக்கத்து ஊர் சொல்லும் பாடம்

தூரதேசம் எதற்கு? திருப்பூரில் 1984-ல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில்தான் திருப்பூரின் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. 2024-25-ல் அது 40,000 கோடி ரூபாய் அளவை எட்டியது. பஞ்சப்படி கொடுத்தால் தொழில் அழியும் என்று சொல்லுகிறவர்கள் இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

மதுரைக்கு அடுத்த திண்டுக்கல்லில் இன்னும் தெளிவான ஒரு சம்பவம். அங்கே ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை செய்த ஓர் இளம் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். பெண் தொழிலாளர்கள் பயத்தை உதறிச் சங்கமாகத் திரண்டார்கள். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடு ஒப்பந்தம் கண்டது. வெளிநாட்டு வியாபாரிகளும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க ஆலைக்குள்ளேயே தொழிலாளர் கண்காணிப்பு என்பது அதன் உயிர்நாடி. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா அந்த ஆலைச் சரக்கைத் தடுத்தது. செப்டம்பரில் தடை நீங்கியது. ஆலையில் ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது அதற்குத் துணை நின்றது.

இதன் பொருள் என்ன? எந்த வங்கியும் எந்தக் கவுன்சிலும் திறக்க முடியாத துறைமுகக் கதவைத் திறக்கச் சங்கத்தின் ஒப்பந்தம் துணை செய்தது. ஆகவே, தொழிலாளர் பாதுகாப்பு ஏற்றுமதிக்கு இடைஞ்சல் என்று சொல்பவன் வியாபாரமும் தெரியாதவன். அது ஒன்பதாவது வாசல், தோழர்களே! அந்த வாசல் இல்லாமல் மற்ற எட்டும் பயன்படாத நாள் வரும்.

ஆனால் ஆள்வோர் எடுக்கும் வழி வேறு. 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒருமுகமாக எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 25,060 கோடிக்கு ஒப்புதல் தந்த ஒன்பதாம் நாள், 2025 நவம்பர் 21-ந் தேதி, மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய தொழிற்சாலைச் சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவற்றில் கரைந்தன. குறித்த காலத்துக்கு மட்டும் வேலை என்ற முறை சட்டத்தில் ஏறியது. முதலாளிக்கு உத்தரவாதம் ஆறு ஆண்டு, தொழிலாளிக்கு உத்தரவாதம் ஆர்டர் உள்ள வரை என்றால், இது எந்தத் தராசு?

நாம் கேட்க வேண்டியவை

வெறும் கண்டனத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது. மாவட்டம்தோறும் கலெக்டர் தலைமையில் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு அமைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதிகாரிகள், வங்கிகள், ஏற்றுமதியாளர்கள் கூடிப் பேசுவதற்கான குழு அது. நம் கோரிக்கைகள் அங்கே போக வேண்டும்.

முதலாவது, அந்தக் குழுவில் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடம் வேண்டும். சரக்கைச் செய்பவன் இல்லாத சரக்குக் குழு என்ன குழு?

இரண்டாவது, சர்க்கார் உதவி பெறும் ஒவ்வொரு ஸ்தாபனமும் சட்டப்படியான கூலி, பிராவிடண்டு பண்டு, இ.எஸ்.ஐ. ஆகியவற்றைச் செலுத்தியதற்கு ரசீது காட்ட வேண்டும். வங்கிக்கு ஈடு இல்லாமல் கடன் கொடுக்கலாம். ஆனால் தொழிலாளியின் கூலியை ஈடாக்கிக் கடன் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, யார் யாருக்கு எவ்வளவு உதவி போயிற்று என்ற பட்டியல் மாவட்ட வாரியாகப் பகிரங்கமாக வெளிவர வேண்டும். சலுகை கூடினால் அதே அளவுக்கு விலையைக் குறை என்று வெளிநாட்டு வியாபாரி கேட்பான். அப்படிக் குறைத்தால் நம் வரிப் பணம் அவன் பைக்குப் போகிறது. பட்டியல் இருந்தால்தான் இது வெளிச்சத்துக்கு வரும்.

நான்காவது, சின்னப் பட்டறைகளுக்குப் பொதுப் பரிசோதனைச் சாலை, பொதுக் கழிவுநீர் நிலையம், மல்லிகைக்கும் காய்கனிக்கும் குளிர்பதனக் கிடங்கு ஆகியவை சர்க்கார் செலவில் அமைய வேண்டும். திருவிழாக் காலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் பூ, வரத்துப் பெருகினால் அடிமாட்டு விலைக்குப் போகிறது. இரவெல்லாம் பூ எடுத்த பெண்ணுக்குக் கூலி கட்டுபடியாகாமல் போகிறது.

ஐந்தாவது, அந்நிய நாட்டில் வரி ஏறி ஆர்டர் நின்றால் வட்டிச் சலுகை கேட்க முதலாளிக்கு வாசல் இருக்கிறது. வேலையிழந்த நாட்களுக்கு நிவாரணம் கேட்கத் தொழிலாளிக்கும் ஒரு வாசல் வேண்டும். வரியை ஏற்றுவதும் இறக்குவதும் வாஷிங்டனில் முடிவாகிறது. அந்த முடிவுக்காக மதுரைத் தொழிலாளி பட்டினி கிடக்க என்ன குற்றம் செய்தான்?

ஆறாவது, பஞ்சு ஏற்றுமதி, இறக்குமதி வரி பற்றி முடிவெடுக்குமுன் விவசாயி, ஆலைத் தொழிலாளி, தையல் தொழிலாளி மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பஞ்சு விலை விழும்போது பருத்திக் கார்ப்பரேஷன் நம் கரிசல் காட்டுக்கும் வந்து ஆதார விலைக்கு வாங்க வேண்டும்.

தோழர்களே! சித்திரைத் தேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்தின் அடியில் கட்டை போடுகிறவர் இல்லாவிட்டால் திருப்பத்தில் தேர் வீட்டுச் சுவரில் ஏறிவிடும். ஏற்றுமதி என்ற தேருக்கு வடம் பிடிக்க எட்டு இலாகாவும் வரட்டும். நாமும் பிடிக்கிறோம், நூற்றாண்டுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் கட்டை போடும் உரிமை நம் கையில் இருக்க வேண்டும். சக்கரத்தின் பக்கத்தில் நிற்பவர்கள் நாம்தான்.

இந்த ஆறு கோரிக்கைகளையும் ஆலை வாசல் கூட்டங்களிலும், களத்துமேட்டிலும், பூ மார்க்கெட்டிலும் கொண்டுபோய்ப் பேசுங்கள். கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள். கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும். அந்தக் கைதான் சரக்கைச் செய்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒன்றாகவே கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்!